இமையில் காயம், வாயால் வந்த வினை

அம்மனை நம்பும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடிபட்டது கண் இமையில். மாட்டிக்கொண்டது என் மனைவி. மாட்டிவிட்டது என் வாய்.

போன ஆடி மாதம் நடந்தது இது. லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அன்று ஒரு கடையின் பின்சந்தில் தனியாக நின்று, தள்ளுவண்டியில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். கொக்கி வைத்த, நூலுறை போட்ட ரப்பர் கயிறு கைநழுவித் தெறித்தது. வலது கண்ணின் கீழ் இமை மூக்கோரத்தில் கிழிந்துவிட்டது.

மனைவி செல்வி பக்கத்தில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. போன் செய்ததும் ஓடி வந்தாள். என் முகத்தைத் துடைத்ததில் அவள் கையெல்லாம் ரத்தம். அப்படியே டாக்சியில் மருத்துவமனைக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் தாதி ஒரு தமிழ்ப் பெண். "அண்ணே, எப்படிப் பட்டுச்சு?" என்றாள்.

பயம் வந்தால் என் வாய் தானாக ஜோக் அடிக்கும். "வேற யாரு லா? வீட்டம்மாதான். சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லிட்டேன்."

நான் மட்டும் சிரித்தேன். தாதி செல்வியின் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். அதே கையின் மோதிரத்தைப் பார்த்தாள். கணினியில் எதையோ தட்டினாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

திரை மூடியது. அதற்குப் பிறகு செல்வியின் குரல் கேட்கவில்லை.

கண்ணீர் வடியும் குழாய் அறுந்திருக்கிறது, சீக்கிரம் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவருக்குப் பின்னால் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அம்மையார் ஒருவர் வந்தார். குரல் மிக மெதுவாக இருந்தது. மனைவி அடித்ததாகச் சொன்னீர்களாமே என்றார்.

"ஐயோ மேடம், அது ஜோக்கு! கயிறு தெறிச்சது."

"பயப்படாதீங்க சார். முதல்ல ஒண்ணு சொல்லிட்டு, அப்புறம் பயந்து மாத்திச் சொல்றவங்கள நாங்க பார்த்திருக்கோம். கயிறு தெறிச்சத யாராச்சும் பார்த்தாங்களா?"

"யாரும் இல்ல மேடம்."

"இதுக்கு முன்னாடி அடிச்சிருக்காங்களா?"

'கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கினேன்.

சந்தேகம் தீராவிட்டால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார் அம்மையார். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் மேல் அப்படி ஒரு விசாரணை வந்தால் பள்ளி அவளை உள்ளே விடுமா? முதலாளியைப் போனில் கேட்டார்கள். "நான் பார்க்கலையே. வீட்டுச் சண்டைன்னா கம்பெனி என்ன பண்ணும்?" என்று அவர் நழுவிவிட்டார். நான் மறுக்க மறுக்க, அடிவாங்கிப் பயந்துபோன கணவனாகவே தெரிந்தேன்.

அறுவை மேசையில் படுக்கவைத்து மரப்பு ஊசி போட்டார்கள். முகத்தின் மேல் துணி. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. செல்வி எங்கே, யாருக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தெரியவில்லை. நான் அம்மனிடம் அழுதேன். அம்மா, கண்ணை வேணும்னா நீயே எடுத்துக்கோ, அவளை மட்டும் விட்டுடு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ சொல்லு.

மருத்துவரின் கை நின்றது. சீனர் அவர். "பச்சை நூல் ஒன்று உள்ளே இருக்கிறது, என்ன இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கயிறு, டாக்டர்! அந்தக் கயிறு!"

"அசையாதே!"

அறுந்த குழாயின் ஓரத்தில் ஒரு பச்சை இழையும், அதோடு ஒட்டிய துருவும். படம் எடுத்துவிட்டு, இழையைச் சின்னக் குப்பியில் போட்டார். கொக்கி இழுத்துக் கிழித்த காயம்தான் என்று குறிப்பும் எழுதினார். அம்மையார் முதலாளியிடம் கயிற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதே பச்சை. நூல் பிரிந்த கயிறு, துருப்பிடித்த கொக்கி. என் ஜோக்குக்குப் பக்கத்தில் உண்மையும் பதிவானது. போலீஸ் பேச்சு அதோடு போனது. வேலையிடக் காயம் என்று முதலாளியே பிறகு முறைப்படி தெரிவித்தார்.

கயிறு பட்டால் நூல் ஒட்டத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். அவசரப் பிரிவில் அந்தக் காயத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் அனுப்பினார்கள். அதையும் மீறி ஓர் இழை எனக்காக அங்கே தங்கியிருந்தது. யார் தங்கவைத்தது என்று எனக்குத் தெரியும்.

செல்வியை உள்ளே விட்டார்கள். அழுது வீங்கிய முகத்தோடு குனிந்து, "வீட்டுக்கு வாங்க, உப்ப வாயிலயே கொட்டறேன்" என்றாள். அதைவிட இனிமையான சொல்லை நான் கேட்டதில்லை.

பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறியதும் நேர்த்திக்கடன் செலுத்த வெள்ளிக் கடைக்குப் போனேன்.

"கண்மலர்தானே அண்ணே?"

"வாய் இருக்கா?"

"வாயா? கை, கால், கண்ணு இருக்கு. வாய் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!"

வெள்ளியில் ஒரு வாய் செய்யச் சொல்லி வாங்கி அம்மன் காலடியில் வைத்தேன். இப்போதெல்லாம் மருத்துவமனையில் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறேன்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால், காயத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்கள் சொல் எடுபடாத இடத்தில் அம்மாவைக் கூப்பிடுங்கள். ஜோக் அடித்தே ஆகவேண்டும் என்றால் அதையும் அவளிடமே அடியுங்கள். அவள் எழுதி வைத்துக்கொள்வதில்லை.