டெப்போ இல்லாத வீரன்

எங்கள் வீட்டில் மீசைக்கு ஒரு மார்க் என்று சட்டம் இருந்த காலம் உண்டு. சட்டம் போட்டவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில், அப்பா வேலை பார்த்த லேத் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை கொண்ட வாடகை வீட்டில் இருந்தோம். மேலே மொட்டை மாடி இருந்தது. துணி காயப்போட அம்மாவுக்கும் போர் புரிய எங்களுக்கும் அது பொதுவாக இருந்தது.

அந்த வருஷம் ஜூலை மாதம் பிரான்சிலிருந்து, அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அவருடைய மகனும் வந்தார்கள். பெரியப்பாவின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கல்யாணம் ஆன கையோடு பெரியம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி யாரேனும் பிரான்சில் இருப்பார்கள் என்பதால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எப்போது வந்தாலும் பெரியப்பாவும் கூட வருவார், ஒரு பெட்டி நிறைய சாக்லேட் வரும், மூன்று வாரத்தில் கிளம்பிவிடுவார்கள். இந்தத் தடவை பெரியப்பா வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். சாக்லேட்டும் ஒரே ஒரு டப்பாதான். எனக்கு இரண்டாவது விஷயத்தில்தான் வருத்தம்.

பெரியம்மா மகனுக்குப் பன்னிரண்டு வயது. எனக்கும் என் ஏழு வயதுத் தம்பிக்கும் அவன் அண்ணன். நாங்கள் பேசுவது எல்லாம் அவனுக்குப் புரியும். அவன் பேசும்போது மட்டும் தமிழ் கொஞ்சம் நின்று நின்று வரும், ழகரம் வரவே வராது. சாக்லேட் குறைந்ததை ஈடுகட்டுகிற மாதிரி அவன் ஒன்று கொண்டுவந்திருந்தான். இருபது முகமுள்ள ஒரு பகடை. தாயக்கட்டையைத் தவிர வேறு எதையும் உருட்டிப் பார்க்காத எங்களுக்கு அதைப் பார்த்ததும் வாய் பிளந்துபோயிற்று. அப்பா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத கடஞ்சவன் கைகாரன்தான்" என்றார். லேத்துக்காரர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அந்தப் பகடையை வைத்து ஆடும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு ஒரு வீரனை நோட்டில் வரைய வேண்டும். வீரனுக்கு மொத்தம் இருபது மார்க். அதைப் பலம், வேகம், மூளை, மாயம் என்று நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். பலத்தில் பதினைந்து போட்டால் மற்ற மூன்றுக்கும் சேர்த்து ஐந்துதான் மிஞ்சும். என் தம்பி இந்தக் கணக்கையே அநியாயம் என்றான். அவன் வரைந்த இரும்பனுக்கு நாலிலும் இருபது போட்டிருந்தான். அதை அழிக்கச் சொன்னதும் அழுதான். அழுதுகொண்டே நாலிலும் பத்தொன்பது போட்டான்.

எனக்கோ இந்த நியாயம் என்கிற விஷயம் பைத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டது. பறப்பது பெரிதா, வேகமாக ஓடுவது பெரிதா? கண்ணுக்குத் தெரியாமல் மறைவதற்கு எத்தனை மார்க் வெட்ட வேண்டும்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் பின்னம் நடத்தும்போது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்ததும் மாடிக்கு ஓடி, தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பகடையை உருட்டி, இரண்டு வீரர்களைப் பத்து முறை மோதவிட்டுப் பார்ப்போம். பத்தில் ஆறுக்கு மேல் ஜெயிக்கிறவன் நியாயமான வீரன் இல்லை, அவனிடமிருந்து ஒரு மார்க் பிடுங்கப்படும். இது அண்ணன் சொன்ன வழி. நான் அதைக் கொண்டு கறாராக எல்லோரையும் வாட்டி எடுத்தேன்.

உருவத்துக்கும் சட்டம் உண்டு. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் வீரனின் சக்தி என்ன என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும். பலசாலிக்குத் தடித்த கை போட வேண்டும், மூளைக்காரனுக்கு அகன்ற நெற்றி. சும்மா அழகுக்காக எதையும் வரையக் கூடாது. தம்பியோ இரும்பனுக்குக் காது வரை முறுக்கிய மீசை வைத்திருந்தான். மீசை அழகா, சக்தியா என்று சண்டை வந்தது. பரிசோதித்துவிடலாம் என்றேன். பட்டறையிலிருந்து வந்த அப்பாவை மாடிக்கு இழுத்துவந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பூனையை முறைக்கச் சொன்னோம். அப்பா மீசையோடு முறைத்தார். பூனை குதித்து ஓடிவிட்டது. அது திரும்பி வந்து உட்கார்ந்ததும், துண்டால் மீசையை மறைத்துக்கொண்டு அதே முறைப்பு. பூனை சாவகாசமாகக் காலை நக்கியது. அன்றுதான் மீசைக்கு ஒரு மார்க் என்று முடிவானது. அப்பா கீழே இறங்கும்போது மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்றை அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தான். "சக்தி குடுத்தா தெஃபோ குடுக்கணும். தெஃபோ இல்லாத வீரன் வேணாம். நல்லா இருக்காது."

"என்னாக்கா அது, டெப்போவா?" என்று தம்பி என் காதில் கேட்டான்.

"ஆமாடா. பஸ்சு பகல்பூரா ஓடிட்டு டெப்போக்குத் திரும்புதுல்ல? அந்த மாதிரி வீரனும் திரும்பிப் போவணும்" என்று நான் விளக்கினேன். டெப்போ என்பதே பிரெஞ்சுக்காரன் வார்த்தைதான் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அதனால் எனக்குச் சந்தேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் டெப்போ டெப்போ என்று சொன்னதை, இவர்களுக்கு வாயில் நுழைந்தது அவ்வளவுதான் என்று அண்ணனும் விட்டுவிட்டான்.

என் வீராங்கனை வலைக்காரி. தலைமுடியே மீன் வலை மாதிரி இருக்கும், நாள் முழுக்கக் கடலுக்குள் நீந்துவாள். அவளுடைய தெஃபோ என்ன என்று அண்ணன் கேட்டான். "தேங்காய்த்திட்டு" என்றேன். படகெல்லாம் வந்து சேரும் துறைமுகம்தானே அவளுக்குப் பொருத்தம்? அவன் அதைத் தன் நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டான்.

"தேங்காய்த்திட்டு வந்தா வலிக்குமா?"

"வலிக்காது. மீன் நாத்தம் அடிக்கும்."

அவன் யோசித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டான். இப்படியே பத்து நாள் ஓடியது. வலைக்காரிக்குத் தேங்காய்த்திட்டு முற்றினால் உடம்பெல்லாம் மீன் நாற்றம் வீசி எதிரிக்கு அவள் இருக்குமிடம் தெரிந்துவிடும் என்று அவன் நம்பினான். இரும்பனின் தெஃபோ லேத் பட்டறை என்று தம்பி சொன்னபோது மட்டும் கொஞ்சம் குழம்பினான். இரும்பைக் கடைந்துவிடுவார்கள், அதனால் பயம் போல என்று தானே சமாதானம் செய்துகொண்டான்.

அவனுடைய வீரனை அவன் உடனே வரையவில்லை. எங்களுக்கெல்லாம் திருத்திக்கொடுத்துக்கொண்டே இருந்தான். ஆகஸ்டு பாதியில் ஒரு நாள் நோட்டைக் காட்டினான். பெரிய காதுகள் உள்ள ஒரு பையன். எத்தனை சுவர் இருந்தாலும் அதற்கு அப்பால் பேசுவது அவனுக்குக் கேட்கும். முகத்தில் கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இல்லை. நான் அவனுக்குக் காதுக்காரன் என்று பெயர் வைத்தேன்.

"டெப்போ எங்க?" என்றேன்.

வாய் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினான். "வாய் இல்ல. கேக்கும், சொல்ல முடியாது."

"அதெப்படி டெப்போ ஆவும்? எங்க திரும்பிப் போவான்?"

"ஏன் திரும்பிப் போகணும்?"

அப்போதுதான் குட்டு உடைந்தது. தெஃபோ என்றால் குறை, பலவீனம். டெப்போ இல்லை. தேங்காய்த்திட்டு ஒரு நோய் இல்லை என்று தெரிந்ததும் அண்ணன் மாடித் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். அவன் வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் அடுத்த நிமிஷமே அவன், "உன் சட்டம் நல்லா இருக்கு. ரெண்டும் வெச்சுக்கலாம்" என்றான். ஆட்டம் முடிவதற்குள் டெப்போவுக்குத் திரும்பாத வீரன் ஜெயித்தாலும் தோற்றவன்தான் என்று ஆயிற்று. உண்மையிலேயே ஆட்டம் சூடுபிடித்தது. வலைக்காரிகூடத் திரும்புவதற்கு மூன்று கட்டம் மிச்சம் வைத்துக்கொண்டு சண்டை போடக் கற்றுக்கொண்டாள். என் தவறு சட்டமாகிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

காதுக்காரனுக்கு மட்டும் டெப்போ எழுதப்படவில்லை. முதலில் பிரெஞ்சில் ஒரு ஊர்ப் பெயரை எழுதினான். அவர்கள் வீடு இருக்கும் ஊர் அது. அடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம், அதற்குள் எழுதாவிட்டால் காதுக்காரனைச் சேர்க்க மாட்டேன் என்று கெடு வைத்தேன். அவன் தினமும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு டெப்போ எழுத இவ்வளவு யோசனையா என்று எனக்கு ஆச்சரியம். பீச் இருக்கிறது, லைட் ஹவுஸ் இருக்கிறது, கதிர்காமம் ஆஸ்பத்திரி இருக்கிறது, எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்று பட்டியலே கொடுத்தேன். தலையாட்டினான், எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி கட்டங்களைச் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்தபோது, அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"இந்த வீட்ட போடலாமா?"

நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். சட்டப் புத்தகம் என்பது என் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள். பட்டறை சண்டே லீவு என்று சொல்லி, தம்பி முந்தின நாள்தான் இரும்பனின் டெப்போவை எங்கள் வீட்டுக்கு மாற்றியிருந்தான். ஒரு டெப்போவில் ஒரு வீரன்தான் என்பது என் சட்டம்.

"முடியாதுண்ணா. இங்க ஏற்கெனவே ஆளு இருக்கு. எடம் இல்ல."

"ரெண்டு பேர் இருக்க முடியாதா?"

"அப்டி ஆரம்பிச்சா எல்லாரும் கேப்பாங்க. நீதான நியாயமா இருக்கணும்னு சொன்ன?"

அவன் "சரி" என்று சொல்லி நோட்டை மூடினான். அன்று அவன் எங்களுக்காகப் பகடை உருட்டினான், மார்க் எழுதினான், ஆடவில்லை. வலைக்காரி அபாரமாக ஜெயித்தாள். அடுத்த வாரமே பெரியம்மாவும் அவனும் கிளம்பிவிட்டார்கள். பகடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனான், நோட்டைக் கொண்டுபோய்விட்டான். பெரியப்பா இல்லாமலே அவர்கள் வந்துபோனதை நான் அப்புறம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள், மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். பெரியப்பா அந்த வருஷம் வேறொரு பெண்ணோடு போய்விட்டாராம். பெரியம்மா இரண்டு பெட்டியோடு வந்தது திரும்பிப் போவதற்காக இல்லையாம். பையனை இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, ஒரு வருஷம் எங்களோடு இருக்கிறோம் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். எங்கள் பெரிய ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை அறைக்குள் வைத்துத்தான் அப்பா பதில் சொன்னாராம்.

"இருக்கறதே ஒரு ரூமு. நாலு பேரு ஏற்கெனவே இருக்கோம். எடம் இல்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொன்னார்" என்றாள் அம்மா. மூன்று பேரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, கூடத்தில் சுவரோரமாக அண்ணன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவனுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, புரிந்திருக்காது என்று அப்பாவும் அம்மாவும் தேற்றிக்கொண்டார்களாம்.

அவனுக்கு எல்லாம் புரியும் என்று எங்கள் நாலு பேரில் எனக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் கிடைக்காததை மூன்று நாள் கழித்து அவன் என்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். கேட்டது காதுக்காரனுக்கு என்றுதான் நான் நினைத்தேன். பதில் சொன்ன அன்று அப்பா சோற்றில் கைகழுவிவிட்டு எழுந்துவிட்டார் என்றாள் அம்மா. நான் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த மிதப்பில் மாடியிலிருந்து இறங்கி, அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மீன் குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.