அடுத்த ஆண்டின் அளவில் ஒரு பலகை

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் குடியிருக்கும் படகோட்டியை எல்லாரும் 'கண்ணாடி அண்ணன்' என்றே அழைப்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர் அல்லர். ஏரியில் விசைப்படகை ஓட்டும்போது, பின்னால் வருபவரைக் காண்பதற்காகப் பொருத்திய கண்ணாடியிலேயே பாதிப் பார்வையை வைத்திருப்பதால் வந்த பெயர் அது. படகு எழுப்பும் அலையின்மேல் ஒரு பலகையில் நின்று சறுக்கி வருவதை வேக்சர்ஃப் என்கிறார்கள். முதலில் கயிற்றைப் பிடித்து எழ வேண்டும். தேர்ந்தபின் கயிற்றை விட்டுவிட்டால் அலையே தள்ளிக்கொண்டு வரும். வாரத்தில் ஆறு நாளும் அவர் ஊரார் பிள்ளைகளை இப்படி எழுப்பி நிறுத்துகிறார். மாலையில் வீடு திரும்பினால், நாற்காலியில் அமர்வதற்கே தம் இடுப்போடு ஒரு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும்.

அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. படகுத்துறை முதலாளி, பருவம் முடியும் தறுவாயில் ஒரு காலைப்பொழுது மட்டும் அவர் குடும்பத்துக்குப் படகை விட்டுக்கொடுப்பார். சென்ற ஆண்டு, இரவல் வாங்கிய பெரியவர் பலகையில் அவள் ஒருமுறைகூட எழவில்லை. இந்த ஆண்டு அந்த நாள் நெருங்கியபோது, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"இந்தத் தடவையும் நிக்கலைன்னா நான் இனிமே கேக்க மாட்டேன்ப்பா."

அவள் அழுதிருந்தால் அவர் சமாதானம் செய்திருப்பார். அழாமல் சொன்னதுதான் அவரை உறுத்தியது. அவளுக்கென்றே ஒரு பலகை வாங்கிவிடத் தீர்மானித்தார்.

படகுத்துறையை ஒட்டியே கடை. "பலகையைப் பிள்ளையோட உயரம் பார்த்து வாங்காதீங்க, எடை பார்த்து வாங்குங்க" என்று எத்தனையோ பெற்றோருக்கு அதே கடை வாசலில் அவர் சொல்லியிருக்கிறார். அன்றும் அவர் கை சரியாகக் குட்டைப் பலகையின்மீதுதான் சென்றது. ஆனால் உடன் வந்த மனைவி தையல்காரர். மகளின் சீருடைப் பாவாடையில் நான்கு விரற்கடை மடிப்பு வைத்துத் தைப்பவர். காலணியை ஓர் எண் கூடுதலாக வாங்கி, நுனியில் பஞ்சை அடைப்பவர்.

"வளர்ற பிள்ளைங்க. கொஞ்சம் கூடவே பாருங்க. வருஷா வருஷம் பலகையா வாங்கிக்கிட்டு இருப்போம்?"

அவர் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் உழைத்தவருக்கு வாக்குவாதமும் ஒரு வேலையாகவே தோன்றியது. நீளப் பலகையைச் சுட்டிக்காட்டினார்.

"அண்ணே, நீங்களா இதைக் கேக்கறீங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பழகிக்குவா. கட்டிக் குடுங்கம்மா."

குறித்த நாளில் ஏரி அசைவின்றிக் கிடந்தது. நீரில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைப் பலகையின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள் மகள். படகு இழுத்ததும் பலகை எழுந்து பாதங்களில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த நீளப் பலகையோ அவளுடைய எடைக்கு அடங்கவில்லை. மூக்கைப் பக்கவாட்டில் திருப்பி, அவளை உருட்டிவிட்டுத் தான்மட்டும் மிதந்தது. அவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் படகைத் திருப்பிக் கயிற்றை அவள் கைக்குக் கொண்டுசெல்லும்போது, அவர் தோள்பட்டை முனகியது.

"குதிகாலை நல்லா அழுத்துடி" என்றார் படகின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த தாய்.

"அழுத்தறேன்மா. என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"வீட்டுல என் பேச்சை யாரு கேக்கறாங்க, அது கேக்க."

மறுபடியும் விழுந்தாள். இம்முறை கயிற்றைத் தேடி நீந்தவில்லை. பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தவாறே கேட்டாள்: "அப்பா, இது எனக்கு வாங்கினதா, அடுத்த வருஷம் வரப்போற பொண்ணுக்கு வாங்கினதா?"

அவர் படகின் விசையை அணைத்தார்.

"பத்தலைன்னா பிரிக்கலாம், பெருசா இருந்தா பிடிச்சுத் தைக்கலாம்னே பழகிட்டேன்" என்றார் தாய், தணிந்த குரலில். "இதுல எங்க ஊசி போடுறது."

அவர் மனைவியைக் குறை சொல்லவில்லை. தெரிந்தே தலையாட்டியவர் தாம்தான் என்பது அவருக்குத் தெரியும். மகளை ஏற்றிக்கொண்டு, படகைத் துறைக்குத் திருப்பினார்.

கடைக்காரப் பெண் பலகையைப் புரட்டிப் பார்த்தாள். "கீறல் விழுந்திருக்கே அண்ணே. நான் அன்னிக்கே..."

"சொன்னீங்க. தப்பு என்னுதுதான். இப்பத் திட்டாதீங்கம்மா, நேரமில்லை. அந்தக் குட்டையைக் குடுங்க."

"சரி, எடுத்துக்கிட்டு ஓடுங்க. நாளைக்கு வாங்க, உக்கார வெச்சுத் திட்டறேன்."

துறைக்குத் திரும்பியபோது, அடுத்து வரவேண்டிய குழு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சுத்து, முதலாளி."

"ஒண்ணுதான். ஆளுங்க நிக்கறாங்க."

ஒரு சுற்று எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று முதலாளி வரையறுக்கவில்லை. கண்ணாடி அண்ணன் ஏரியின் மறுகரையை ஒட்டியே படகைச் செலுத்தினார். முதல் இழுப்பில் அவள் பாதி எழுந்து விழுந்தாள். இரண்டாவதில் அவசரப்பட்டாள். மூன்றாவதில் பலகை அவள் பாதங்களோடு சேர்ந்தே எழுந்தது. முழங்கால் மடங்கி, முதுகு கூனி, பார்க்க அழகில்லாமல்தான் நின்றாள், ஆயினும் நின்றாள்.

"என்னங்க, நின்னுட்டா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பினால் வேகம் பிசகும். கண்ணாடிக்குள் சிறிதாகத் தெரிந்த உருவத்தையும் வேகம் காட்டும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடியே ஓட்டினார். அவள் கயிற்றை விடவில்லை. விடு என்று அவரும் சொல்லவில்லை. கை சோர்ந்து அவளாகவே நீரில் அமிழும்வரை படகு நேராகச் சென்றது.

துறையில் முதலாளி சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னார். சொல்லியதையே மறுபடியும் சொன்னார். அண்ணன் ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு தலைகுனிந்து கேட்டார். அடுத்த குழு அதற்குள் படகில் ஏறத் தொடங்கியிருந்தது. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த மகள், இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"மாமா, அடுத்த வருஷம் எந்த மாசம் படகு விடுவீங்க?"

முதலாளி பாதிச் சொல்லில் நின்றுபோனார்.

"இரு கண்ணு" என்றார் தந்தை. "மாமா இன்னும் திட்டி முடிக்கலை."