காய்ச்சல் இல்லாத பிள்ளை

என் மகள் பிறந்த புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வைத்தியர்கள். யாரும் படித்தவர்களில்லை, எல்லோருக்கும் புறங்கை இருந்தது. வந்ததும் அதைப் பிள்ளையின் நெற்றியில் வைத்து, "காய்ச்சல் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். நிலாவெளியிலிருந்து வந்த பெரியம்மா இருமிக்கொண்டே பிள்ளையைக் கொஞ்சினார்.

பிள்ளை பிறந்த வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு. அதனால் இவர்கள் எல்லோரும் திரும்பிப் போனதும் தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். வரும்போது ஒருவர்கூடக் கை கழுவவில்லை. எங்களிடமிருந்துதான் அவர்களுக்கு ஒட்டுமாம். அவர்களிடமிருந்து பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாதாம்.

ஒரு நாள் காலை மகள் பால் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் நழுவியது. கால்கள் குளிர்ந்திருந்தன. மாமியோ வந்தவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"தங்கமான பிள்ளை. அழுறதே இல்லை. தாயைப் போல இல்லை."

"மாமி, பிள்ளை பால் குடிக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

"தொட்டுப் பார், காய்ச்சலே இல்லை. துடக்கோட பச்சைப் பிள்ளையை வெளியில கொண்டுபோக ஏலாது."

கணவரைப் பார்த்தேன். துறைமுகத்தில் கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் படகில் அவருக்கு வேலை. அவ்வளவு பெரிய கப்பலை இழுப்பவரால் தாயின் பேச்சைவிட்டு ஓர் அங்குலம் நகர முடியாது.

"பின்னேரம் வரைக்கும் பாப்பமே," என்றார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓட்டோவை மறித்தேன். அவர் செருப்பில்லாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மகள் மூச்சுவிடுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் வேறெப்போதும் இல்லை.

"காய்ச்சல் ஒண்டும் இல்லை, டொக்டர்," என்றார் கணவர், ஏதோ நற்சான்றிதழ் நீட்டுபவர்போல.

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் டொக்டர். உடம்புச் சூடு இருக்கவேண்டியதைவிடக் குறைந்திருந்தது. இரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்று உடனே மருந்து ஏற்றினார்கள். பிறகுதான் அவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"பிறந்த பிள்ளையளுக்கும் கிருமியோட சண்டை பிடிக்கிற அணுக்கள் இருக்கு, அம்மா. அதுகளை அடக்கி வைக்கிற அணுக்களும் இருக்கு. பிறந்த உடன தோலிலயும் குடலிலயும் எத்தனையோ கிருமி குடியேறும். அதில கனக்க நல்லதுகள். எல்லாத்தோடயும் சண்டை பிடிச்சா பிள்ளையின்ர உடம்புதான் அழற்சியில வெந்துபோகும். அதால, கெட்ட கிருமி வந்தாலும் சிலநேரம் காய்ச்சல் வராது. பிள்ளை குளிர்ந்துபோய், பால் குடியாமல், சும்மா படுத்திருக்கும்."

சும்மா படுத்திருப்பதைத்தான் எங்கள் வீட்டில் தங்கம் என்றார்கள். அந்த அணுக்கள் அடங்கியிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் கணவர் அடங்கியிருந்ததற்கு என்ன காரணம் என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது.

அவள் அழவேண்டும் என்று கட்டிலருகே இருந்து கும்பிட்டேன். ஒரு நாள் காலை, கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நேர்ஸ் உரித்தபோது வார்ட்டே திரும்பிப் பார்க்கும்படி மகள் கத்தினாள். நானும் கூடவே அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பியபின், துடக்குக் கழிவு அன்று வாசல் படலையடியில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்தேன். கழுவாமல் உள்ளே விடமாட்டேன் என்று நின்றேன். பெரியம்மாவுக்கு முகம் கறுத்தது.

"எங்களை என்ன, ஊத்தை எண்டு நினைச்சியோ?"

"ஓம்," என்றேன்.

மாமி வாயைத் திறக்குமுன் உள்ளே மகள் வீடு அதிரக் கத்தத் தொடங்கினாள். தங்கமான பிள்ளை என்று ஒருவரும் சொல்லவில்லை. கணவர் முதல் ஆளாகக் குனிந்து சவர்க்காரத்தை எடுத்தார்.