மூணு பேரும் ஹாஜர்

அந்தப் பல்பை உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. நெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடிக்குள்ளே தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு கம்பி. காரின் டேஷ்போர்டில் இருக்கும் கடிகாரத்துக்குப் பின்னால் அது எரிந்தால்தான் கறுப்புக் கண்ணாடியில் பச்சையாக மணி தெரியும். அது போய்விட்டால் கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், பார்க்கிறவனுக்கு வெறும் கறுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை காலை, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, அப்படி ஒரு புதுப் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாற்றுவதற்குப் பத்து நிமிஷம் போதும். அக்கா வாசலுக்கு வந்து, "ஒரு பல்பு மாத்த இத்தனை நேரமாடா? உங்க அத்தானா இருந்தா இதுக்குள்ள எஞ்சினையே எறக்கி ஏத்தியிருப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பல்பைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நகராட்சிக் குப்பை லாரியில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டிரைவர். இந்தக் காரை அவர்தான் பழையதாக வாங்கி, ஒவ்வொரு திருகையும் தானே கழற்றித் துடைத்துப் பூட்டி, புதிதுபோல் வைத்திருந்தார். பிறகு சர்க்கரை வியாதி அவருடைய சிறுநீரகத்தைத் தின்றது, கண்ணையும் பாதி தின்றது. அவர் ஓட்டிய காரில் அவரை இடது பக்கம் உட்கார வைத்து நான் ஓட்ட வேண்டியதாயிற்று. நான் மசாலாக் கிடங்கு ஒன்றுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு ஏறாமல் இல்லை. பரீட்சை என்றாலே முந்தின நாள் முதல் வாந்தி எடுப்பேன், அதைப் பார்த்து அம்மாவே போதும் என்று நிறுத்திவிட்டாள். அந்தப் பயம் என்னோடு கூடவே வளர்ந்தது. தெருமுனை வரைக்கும் போய்விட்டு, கதவைப் பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அத்தான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நம்ம மாப்ளே மழைக்குப் பேடிச்சு ஒரு குடை எடுப்பான். அந்தக் குடை கிழிஞ்சுருமோன்னு பயந்து இன்னொரு குடையும் எடுப்பான்." தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் சொன்னால் கேலியாகத் தோன்றாது.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு மெஷினில் படுக்க வேண்டும், பத்து மணிக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். நாம் எத்தனை நிமிஷம் பிந்துகிறோமோ அத்தனை நிமிஷம் நம் ரத்தத்தில் அழுக்கும் தண்ணீரும் மிச்சமாக நிற்கும். அதனால் ஐந்தே காலுக்கெல்லாம் புறப்படுவோம். புறப்படும் முன்பு அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவியை ஒரு பாதி திருப்பச் சொல்வார். எஞ்சின் ஓடாது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் மட்டும் சிவப்பாக எரியும். எண்ணெய்க்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, கைபிரேக்குக்கு ஒன்று. லாரி ஷெட்டில் மேஸ்திரி காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதுபோல விரலை நீட்டி எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பேரும் ஹாஜர். எடுடா மாப்ளே வண்டிய." அந்த விளக்குகள் அவருக்கு மூன்று சிவப்புப் பொட்டாக மட்டுமே தெரிந்தன. அதைவிட நன்றாகத் தெரிந்தது கடிகாரத்தின் பச்சை எண்கள்தான். கைபேசியில் அவரால் ஒன்றும் படிக்க முடியாது, சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியாது. இந்தப் பச்சை எண்களை மட்டும், கொஞ்சம் முன்னால் குனிந்து, யாரையும் கேட்காமல் தானே படிப்பார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காரில் இருக்கும்போது அந்த மணியைப் பார்த்துத்தான் ஒரு வாய் நனைத்துக்கொள்வார். "ஆறாகட்டும்" என்று பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பல்பு போய்விட்டது. அன்றைக்குத்தான் அத்தான் முதல்முறையாக என்னிடம் மணி கேட்டார். சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் கேட்டார். தோப்பும்படி தாண்டுவதற்குள் ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வந்தது, கடன் கேட்கிறவன் குரல் மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. மத்தியானமே சுள்ளிக்கல்லில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். "திங்களாழ்ச்சயே வரூ, சேட்டா. அத்யாவசியமாணெங்கில் இடப்பள்ளியில் போயி நோக்கு" என்றார் கடைக்காரர். திங்கட்கிழமைதான் வருமாம், அவசரமென்றால் இடப்பள்ளியில் போய்ப் பார்க்க வேண்டுமாம். இடப்பள்ளிச் சந்திப்பு என்றாலே எனக்குப் பயம், எந்தப் பக்கமிருந்து எந்த வண்டி வரும் என்றே தெரியாது. போகவில்லை. மறுநாள் அத்தான் தூங்கும்போது டேஷ்போர்டைக் கழற்றினேன். மீட்டர் பெட்டியின் முதுகில் அதே மாதிரிப் பல்புகள் வரிசையாக இருந்தன. அதே அளவு, அதே பிடி. பேட்டரி விளக்கின் பல்பைப் பார்த்தேன். சாவி திருப்பும்போது ஒரு கணம் எரிந்து அணைகிற விளக்கு. ஓடும்போது அது எரிந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எரியாத விளக்குக்கு எதற்குப் பல்பு என்று தோன்றியது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும் பயம் வரவில்லை. அதைத் திருகி எடுத்துக் கடிகாரத்துக்குப் போட்டேன். முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது.

சனிக்கிழமை காலை அத்தான் ஏறியதும் பச்சை எண்ணைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளைபோலத் தொடையில் தட்டினார். "அஞ்சு பதினாலு! மாப்ளே, நீ ஆளு புலியாச்சேடா." பிறகு வழக்கம்போல விரலை நீட்டினார். "ஒண்ணு, ரெண்டு…" விரல் நின்றது. "எந்தாடா, ஒருத்தன் லீவா? ரெண்டுதானே காணுது." நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டுவார், பல்பைப் பழைய இடத்தில் போடச் சொல்வார், மறுபடியும் அந்தத் தணிந்த குரலில் மணி கேட்பார். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. "மூணும் எரியுது அத்தான். உங்க கண்ணுக்குத்தான் தெரியல" என்றேன். அவர் முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சீட்டில் சாய்ந்துகொண்டு, "சேரி. நீயே எண்ணிக்கோ" என்றார்.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "சும்மா ஒரு ரவுண்டு போலாம்டா" என்று அவரே கேட்டார். மழையில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு, வண்டி நகராத நெரிசலில் ஒரு மணி நேரம் சுற்றினோம். வழியெல்லாம் மணியைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை கடைக்காரர் கூப்பிட்டுப் பல்பு வந்துவிட்டது என்று சொன்னார். கொட்டுகிற மழை. நாளைக்கு ஆஸ்பத்திரி முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை திரும்பப் பெற முயன்றிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவேதான் இடைவெளி அதிகம். செவ்வாய்க்கிழமை காலை அத்தானுக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முந்தின இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தாராம். வண்டி முக்கி முக்கித்தான் கிளம்பியது. மழை ஈரத்தால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் இருக்கும் துறைமுகத் தீவைத் தாண்டி, தேவரா பக்கம் போகிற பாலத்தில் ஏறும்போது வைப்பர் சோம்பலாக அசைந்தது. ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியது. அத்தான்தான் முதலில் கண்டார். "மாப்ளே, மணி மங்குதுடா" என்றார். ஐந்து நாற்பத்திரண்டு. பச்சை எண்கள் என் கண் முன்னாலேயே மெல்ல மெல்லக் கறுப்புக்குள் போயின. பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் அடித்தால் நோயாளி முனகுவதுபோல முனகியது. டாக்ஸிக்குக் கைபேசியில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மழையில் இறங்கி நின்று கையை ஆட்டினேன். கார்கள் தண்ணீரை என் மேல் வாரி அடித்துவிட்டுப் போயின. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே அத்தான் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறார். நான் கும்பிட்டேன். ரோட்டின் நடுவே ஓடினேன். யார் மேலாவது மோதி விழுந்தாலும் பரவாயில்லை, ஒரு வண்டி நிற்கட்டும் என்று இருந்தது.

கடைசியில் ஹார்பரில் இருந்து வந்த ஒரு மீன் வண்டி நின்றது. "கேறிக்கோ சேட்டா, மீனின்டெ மணம் உண்டாவும், குழப்பமில்லல்லோ" என்று, மீன் வாடை பரவாயில்லையா என்பதுபோல், டிரைவர் கேட்டுக்கொண்டே இறங்கினார். நானும் அவருமாக அத்தானைத் தூக்கி முன்சீட்டில் வைத்தோம். பின்னால் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்ட மீன். அந்த நிலையிலும் அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சுக்கு நடுவே, "மீனுக்கு இத்தனை ஐஸாடா… எனக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கு" என்றார். மீன்கார டிரைவர் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியை அடையும்போது ஏழு மணி. மெஷினுக்குப் போகவில்லை, நேராக ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கே கிடந்தார். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது, இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். இந்த ஒரு மணி நேரத்தாலா என்று டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துவந்த மெக்கானிக் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சேட்டா, சார்ஜ் பல்பு எவிடெ?" என்றார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுவதே அந்தப் பல்பு வழியாகப் போகிற கொஞ்சம் கரண்ட்தானாம். பல்பு இல்லாவிட்டால் அது எழும்பாது. பேட்டரி இருப்பதைச் செலவழித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். அப்படி நிற்கப்போகிறது என்று காட்ட வேண்டிய விளக்கும் அதுதான். "ஆரா இதூரியது?" என்று, கழற்றியது யார் என்று கேட்டார். வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன். "அப்போ இது இத்ர நாள் ஓடியதே அதிசயம்" என்று அவர் சிரித்தார். பழைய பல்பை அதன் இடத்திலேயே போட்டேன், கடிகாரத்துக்குப் புதிதாக வாங்கிப் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது, அத்தானைத் தவிர.

அவர் அதற்குப் பிறகு எட்டு மாசம் இருந்தார். சாயங்காலமானால் தனியாகவே நடந்து முக்குச் சாயாக்கடைக்குப் போகிற வழக்கம் அவருக்கு இருந்தது. சாயா குடிக்க முடியாது, வாசனை பிடித்துக்கொண்டு நாலு பேரோடு வம்பு பேசிவிட்டு வருவார். அதை நிறுத்திவிட்டார். "கண்ணு போச்சுடி. மூணு எனக்கு ரெண்டாத் தெரிஞ்சுதே" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா பதறிப்போய்க் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது, மோசமாகவில்லை என்று டாக்டர் சொன்னார். அத்தான் நம்பவில்லை. காரில் திரும்பி வரும்போது என் தோளில் தட்டி அக்காவிடம் சொன்னார்: "டாக்டர் ஆறுதலுக்குப் பொய் சொல்லுவாரு. இவன் சொல்லமாட்டான். பொய் சொல்றதுக்கும் ஒரு தைரியம் வேணும்ல, அது இவனுக்கு ஏது?" அக்கா சிரித்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அதற்குப் பிறகு காரில் ஏறினால் அவர் விளக்கை எண்ணுவதே இல்லை. கடிகாரம் பளிச்சென்று எரிந்தும் குனிந்து பார்ப்பதில்லை. மணி என்ன என்று என்னைக் கேட்பார், நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடிகாரத்துப் பல்பு போன வாரம் மறுபடியும் போனது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருவழியாகப் பல்பை மாற்றி டேஷ்போர்டை மூடினேன். அக்கா இடது கதவைத் திறந்து, அத்தான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். "போடு, எரியுதான்னு பாக்கலாம்" என்றாள். சாவியைப் பாதி திருப்பினேன். பச்சையில் மணி வந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்பு விளக்குகள். அக்கா விரலை நீட்டி, அவர் எண்ணுவது மாதிரியே எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பேரும் ஹாஜர்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை நல்லாத் தெரியுதே. அந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிடா ரெண்டாத் தெரிஞ்சுது?"

அவள் என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். "அவருக்குச் சரியாத்தான் தெரிஞ்சுது அக்கா" என்றேன். "அன்னைக்கு ரெண்டுதான் எரிஞ்சுது." பல்பை எடுத்தது, மாற்றியது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று சொன்னது, பாலம், மெக்கானிக், எல்லாவற்றையும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாந்தி எடுப்பதுபோல வந்தது. முடித்தபோது பச்சை எண் ஆறு நிமிஷம் தள்ளிப் போயிருந்தது.

அக்கா அந்த விளக்குகளைப் பார்த்தாள். பிறகு என் கைக்குக் குறுக்கே கையை நீட்டி, சாவியைத் திருப்பி அணைத்தாள். மூன்று சிவப்பும் பச்சையும் ஒன்றாகப் போயின. "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, டாக்டர் சொன்னதையாவது நம்பிட்டுப் போயிருப்பாரேடா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வீட்டுக்குள் போனாள். நான் இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.