மருந்து குடிக்காத பாட்டுக்காரர்

கும்மிடிப்பூண்டி கம்பெனி சீருடையோடு ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கானா பாட்டு எழுதுகிறவராம். டிபன் பாக்ஸ் மூடியில் ஓயாமல் தாளம் போட்ட விரல்கள், போன் அடித்தால் மட்டும் நின்றன. ஆனால் எடுக்கவில்லை.

"எடுங்களேன்" என்றேன்.

"உட்டுட்டுப் போன பொண்ணுண்ணா. என் பாட்டு ஓடணும்னு யூடியூப் சேனல்காரன், நான் மருந்து குடிச்சிட்டு ஆஸ்பத்திரில கெடக்கறேன்னு வீடியோ போட்டுட்டான். அத்தப் பாத்துட்டு காலைலேர்ந்து போன் பண்ணிக்கினே கீது."

"நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க."

"சொன்னா வெச்சிடும்ணா. அப்பறம் பேசவே பேசாது."

மீஞ்சூர் தாண்டியதும் மறுபடி அடித்தது. எடுத்தார். லேசாக இருமினார்.

அந்தப் பெண்ணுக்கு ரயில் சத்தம் கேட்டுவிடுமோ என்று நான் எதற்கு ஜன்னலை இழுத்து மூடினேன் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.