காகம் வராத துறைமுகம்

பூக்கெட்டின் பழைய நகரத்தில், இந்தக் கரையிலிருந்து ஈயம் எப்படிக் கப்பலேறியது என்பதை விளக்கிக்கொண்டே நடந்தேன். விளக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது பின்னால் அக்கா இல்லை.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பழைய துறைமுகங்கள் என் பாடம். என் மனைவிக்கு அவற்றைக் காட்ட வேண்டும் என்று மகள் ஏற்பாடு செய்த கப்பல் பயணம் இது. பயண நாள் வருவதற்கு முன்பே மனைவி போய்விட்டாள். சமையலறையில் அவள் விழுந்தபோது நான் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ பாத்திரம் விழுந்தது என்று நினைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

அவள் இடத்துக்கு அக்கா வந்தார். சித்தியவானிலிருந்து ஈப்போவில் இருக்கும் என் வீட்டுக்கு, எனக்குச் சமைத்துப்போட வந்து தங்கியவர். "தலைத்திவசம் முடியாம கப்பல் ஏறுறதாடா?" என்று ஒரு வாரம் முனகினார். பிறகு, "நீ தனியாப் போனா தண்ணியப் பாத்துக்கிட்டே நிப்ப. நானும் வாரேன்லா" என்று பெட்டியை எடுத்து வைத்தார்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு வரை குறையொன்றும் இல்லை. கோட்டையைப் பற்றியும் கிடங்குகளைப் பற்றியும் நான் பேசினேன். அக்கா ஜாதிக்காய் வாங்கினார். "வெள்ளக்காரன் கட்டுன சுவருதானே, இத்தன நேரமா பாக்கணும்?" என்றார். மறுநாள் பூக்கெட்.

இறங்கியதும் எனக்குத் தோன்றியது, இது ஈப்போவின் பழைய நகரமே அல்லவா என்பதுதான். அதே கடைவீடுகள், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அதே ஐந்தடிப் பாதை, அதே மரச் சன்னல்கள். ஈயச் சுரங்கங்களால் எழுந்த ஊர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஒற்றுமை என்னை அசட்டையாக்கிவிட்டது. சொந்தத் தெருவில் நடப்பவனைப் போல முன்னால் நடந்தேன். மனைவி பின்னால் வந்தால் அவ்வப்போது "ம்" என்பாள். அக்கா அப்படிச் சொல்பவர் அல்லர். ஆகவே அந்த மௌனம் எனக்கு எதையும் உணர்த்தவில்லை.

வந்த வழியே திரும்பி நடந்தேன். துணிக்கடை, காப்பிக்கடை, வாசலில் ஊதுவத்தி புகையும் ஒரு சீனக் கோயில். எங்கும் இல்லை. அக்காவின் கைப்பேசி கப்பல் அறையில் கிடந்தது. அவருக்கு இனிப்பு நீர் வியாதி உண்டு. காலையில் மாத்திரை விழுங்கியதை நானே பார்த்தேன். தமிழும் மலாயும் தவிர வேறு பேச்சு அறியாதவர். மாலை நான்கு மணிக்கு மேல் வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்று காலையில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். நேரம் இரண்டரை. எங்களை ஏற்றிவந்த பேருந்தில் கப்பலுக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

"அக்கா!" என்று தெருவில் கத்தினேன். எழுபதை நெருங்கும் ஒருவன் அன்னியத் தெருவில் நின்று கத்துவது எவ்வளவு விகாரமானது என்று ஒரு கணம் எண்ணினேன். மறுகணம் இன்னும் உரக்கக் கத்தினேன். கப்பல் போகட்டும். அவர் எங்காவது விழுந்து கிடந்தால், அந்தச் சத்தத்தையும் நான் வேறெதுவோ என்று நினைத்துக் கடந்து வந்திருப்பேன் என்பதே என் பயம்.

பழச்சாறு விற்ற ஒரு பெண்ணிடம் என் உயரத்துக்குச் சற்றுக் கீழே கையைக் காட்டி, கொண்டையைக் காட்டி, நெற்றிப் பொட்டைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டு கடைகளின் பின்பக்கத்துக் குறுகலான சந்து ஒன்றைச் சுட்டினாள்.

அக்கா அங்கே ஒரு கழிவுநீர்க் கால்வாயின் ஓரத்தில், கல்படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. உதடுகள் வெளுத்திருந்தன. முன்னால் ஒரு காகிதக் கைக்குட்டை. அதன்மேல் ஒரு பிடி சோறு, ஒரு ரொட்டித் துண்டு, இரண்டு அன்னாசித் துண்டுகள். கப்பலின் காலை உணவு மேசையிலிருந்து கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்தவை.

"சத்தம் போடாதடா," என்றார். நாக்கு குழறியது. "ஓட்டிறாத. இப்ப வந்துரும்."

"என்ன வரும்?"

"காக்கா. இன்னிக்கு அமாவாச."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈப்போ வீட்டில் ஒவ்வோர் அமாவாசையும் அக்கா என் மனைவிக்குப் படையல் போட்டு, காகம் எடுத்த பிறகே வாயில் உணவு வைப்பார். நான் குறுக்கே பேசியதில்லை, கவனித்ததும் இல்லை. கடலில் காகம் ஏது? மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, கரையில் ஒரு காகத்தைத் தேடி வந்திருக்கிறார்.

"அக்கா, முதல்ல நீங்க ஏதாவது குடிங்க."

"அவ இன்னும் சாப்புடலடா." என் கையைத் தட்டிவிட்டார். அந்தத் தட்டலில் பலமே இல்லை. "கப்பல்ல சோறு வைக்கிறாங்க, தட்டுத் தட்டா கொட்டுறாங்க. அவ பசியோட நிக்கிறா."

கண்கள் என்மேல் நிலைக்கவில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்தது. தாங்கிப் பிடித்தேன். சந்தில் ஒரு புறாகூட இல்லை.

"வந்துருச்சு அக்கா," என்றேன். "உங்களுக்குப் பின்னால, சுவத்து மேல. அசையாதீங்க." கைக்குட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "கொத்துது. எடுத்துருச்சு."

"எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சு. பறந்துருச்சு."

அக்கா வாயைத் திறந்தார். தொடர்ந்து வந்திருந்த பழச்சாற்றுக்காரி ஒரு கோப்பையை நீட்டினாள். முதல் வாயில் பாதி மோவாயில் வழிந்தது, மிச்சம் இறங்கியது. இரண்டாவது கோப்பை முடிந்தபோது அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளோ சீனி போட்டிருக்காளே, என்னக் கொல்லப் பாக்குறாளா?" என்றார்.

பேருந்தில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா சன்னலோரம் சாய்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"மொதல்ல எதக் கொத்துச்சு?"

இறந்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் காகம் முதலில் எடுக்கும் என்பது அவருடைய கணக்கு. சான்று இல்லாத எதையும் மாணவர்கள் முன் சொல்லாதவன் நான்.

"அன்னாசி."

"நெனச்சேன்," என்று அக்கா கண்களை மூடிக்கொண்டார். "அவளுக்கு அதானே உசுரு."

அவருடைய மார்பு ஏறி இறங்குவது சேலை மடிப்புக்குள் எனக்குத் தெரியவில்லை. சாலை வளைந்து கடல் தெரிந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. மெல்ல விரலை அவர் மூக்கருகே கொண்டுபோனேன்.

"உசுரோடதான் இருக்கேன். கைய எடுலா," என்றார், கண்ணைத் திறக்காமலே.

எடுத்தேன். அவர் தூங்கிவிட்டார் என்று தோன்றியதும் மறுபடி வைத்தேன்.