டோரித் வைத்த எழுத்துப்பிழை

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பனி அள்ளும் வண்டிகளுக்கு வழி ஒதுக்கும் வேலை டோரித் ஹாக்லண்டுக்கு. விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒரு செயலி செய்திருந்தாள். எந்த ஏரி எத்தனை அங்குலம் உறைந்திருக்கிறது என்று, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறவர்கள் அதில் எழுதுவார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கால் வைப்பார்கள். இலவசம். நிரலும் திறந்தே கிடந்தது, யாரும் திருத்தி அனுப்பலாம். ஆறு வருடத்தில் ஒருவரும் அனுப்பவில்லை. குறை சொல்ல மட்டும் ஊரே இருந்தது.

அதில் முதல் ஆள் ஆர்வில் துவோமி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். எழுத்து பொடிசு, நிறம் கண்ணைக் குத்துகிறது என்று வாரத்துக்கு மூன்று மின்னஞ்சல். "நீங்களும் ஒரு கை கொடுங்களேன்" என்று டோரித் கெஞ்சினால், கம்ப்யூட்டர் தெரியாது என்று நழுவுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டோரித் வேண்டுமென்றே செயலியில் பிக்கெரல் ஏரியை 'பிக்கிள் ஏரி' ஆக்கினாள். பத்தாவது நிமிடம் ஆர்விலிடமிருந்து போன் வந்தது.

"ஏம்மா, நாப்பது வருஷமா நான் மீன் புடிக்கிறது ஊறுகா ஏரியிலயா?"

"அடடா! எனக்குத் தலைக்கு மேல வேலை. பக்கத்துல பென்சில் படம் இருக்கும், அமுக்கி நீங்களே சரி பண்ணி அனுப்புங்க."

"நானா? எதையாவது ஒடைச்சுட்டா?"

"நான் பாத்து சரின்னாதான் உள்ள போகும். பயப்படாதீங்க."

ஒரே ஒரு சொல்லின் திருத்தம்தான். ஆனால் பங்களித்தவர்கள் பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் ஆர்விலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தூண்டில்புழுக் கடையில் எல்லோர் மூக்குக்கு நேரேயும் போனை நீட்டினார். பொறாமையில் ஆளாளுக்குத் திருத்தம் அனுப்ப ஆரம்பித்தார்கள். மாதம் முடிவதற்குள் பதினொரு பேர். எழுத்தைப் பெரிதாக்கியது ஆர்விலேதான். டோரித் அவருக்கும் ஒப்புதல் அளிக்கும் உரிமையைக் கொடுத்தாள்.

எந்த வரியை யார், என்றைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் செயலியின் பதிவேட்டில் அழியாமல் இருக்கும். அதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட அன்றே ஆர்வில் ஊறுகாயின் கதையைக் கண்டுபிடித்துவிட்டார். காப்பி மூக்கில் ஏறும்வரை சிரித்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் பட்டியலில் டோரித் ஹாக்லண்ட் 'டோரித் ஹெர்ரிங்' என்று மீன் பெயருக்கு மாறியிருந்தாள். அவள் திருத்தம் அனுப்பினாள். ஆர்வில் நிராகரித்தார்: 'ஆதாரம் போதாது. அடையாள அட்டையுடன் நேரில் வரவும். பிக்கெரல் ஏரி, பச்சைக் குடில்.'

சனிக்கிழமை உறைந்த ஏரியின்மேல் நடந்து போனாள். பனிக்கட்டிமேல் நின்ற பச்சைக் குடிலுக்குள் ஆர்வில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டை நீட்டினார்.

"உண்மையச் சொல்லு. இன்னும் எந்தெந்த ஏரியக் கெடுத்து வெச்சிருக்க?"

வாய் நிறைய மீனோடு டோரித் சொன்னாள்: "தேடிப் பாருங்க."